தோற்ற பிள்ளைக்கும் ஆட்டத்தில் இடம்

நாற்பது, ஐம்பது ஆண்டுகளுக்கு முன் தமிழ்நாட்டுத் தெருக்களில் சடுகுடுவோ கிளித்தட்டோ தொடங்க வேண்டும் என்றால் முதல் வேலை உத்தி பிரிப்பது. இரண்டு பேர் தலைமைக்கு நிற்பார்கள். மற்ற பிள்ளைகள் தங்களுக்குச் சமமான ஆளைப் பார்த்து ஜோடி சேர்வார்கள். ஓட்டக்காரனுக்கு ஓட்டக்காரன், நோஞ்சானுக்கு நோஞ்சான். ஜோடி கொஞ்சம் தள்ளிப்போய், தோளில் கை போட்டுக்கொண்டு, ரகசியமாக ஆளுக்கொரு பெயர் வைத்துக்கொள்ளும். திரும்பி வந்து, “சூரியன் வேணுமா, சந்திரன் வேணுமா?” என்று தலைவனைக் கேட்கும். சூரியன் யார், சந்திரன் யார் என்று தெரியாமலே அவன் ஒரு பெயரைச் சொல்ல வேண்டும். இப்படிப் பிரித்தால் இரண்டு அணியும் ஏறக்குறையச் சமமாகிவிடும். யாருக்கும் வேண்டாத ஆளாக ஒரு பிள்ளை கடைசியில் தனியாக நிற்கவும் நேராது.

இன்று பல பள்ளி மைதானங்களில் நடப்பது வேறு. இரண்டு கேப்டன்கள் முன்னால் நின்று ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுகிறார்கள். நன்றாக ஆடுகிற பிள்ளை முதலில் போகிறது. கடைசியாக நிற்கும் பிள்ளை, ஆட்டம் தொடங்கும் முன்பே, எல்லார் கண்ணுக்கும் முன்னால் தோற்றுவிடுகிறது.

போட்டி அன்றும் இருந்தது. பொறாமை இருந்தது, தோற்று அழுத பிள்ளைகள் இருந்தார்கள். அந்தக் காலத்துப் பிள்ளைகளின் மனம் ஒன்றும் இரும்பால் ஆனதல்ல. ஆனால் தோற்ற பிள்ளை மறுபடி ஆட்டத்துக்குள் வருவதற்கு அன்று பல வாசல்கள் திறந்திருந்தன. அவற்றில் சில மூடிவிட்டன, புதிதாகச் சில திறந்திருக்கின்றன. சின்னப் பிள்ளைகளை வளர்ப்பவர்கள் இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

தெரு வகுத்த விதிகள்

தெருவிளையாட்டில் எல்லா வயதுப் பிள்ளைகளும் கலந்திருப்பார்கள். அக்கா ஆட வந்தால் இடுப்பில் தம்பியும் வருவான். நான்கு வயதுப் பையனை ஆட்டத்தில் சேர்த்தால் ஆட்டம் கெடும், சேர்க்காவிட்டால் அழுவான். இதற்குத் தெரு கண்டுபிடித்த வழிதான் ஒப்புக்குச் சப்பாணி. அவனும் ஓடலாம், ஒளியலாம், கத்தலாம். ஆனால் அவனைப் பிடித்தால் அவுட் இல்லை, அவன் தொட்டாலும் கணக்கில்லை. ஒன்றிரண்டு வருடம் அப்படியே ஆட்டத்துக்குள் இருந்து, பெரிய பிள்ளைகள் எப்படி ஜெயிக்கிறார்கள், எப்படித் தோற்கிறார்கள், சண்டை போட்ட பிறகும் எப்படி மறுபடி சேர்ந்து ஆடுகிறார்கள் என்று பார்ப்பான். பிறகு ஒருநாள், “இனிமே நீயும் சேத்தி” என்பார்கள். அன்று முதல் அவன் தோல்வியும் கணக்கில் ஏறும்.

இந்த ஏற்பாட்டில் இருந்த ஞானத்தை உளவியல் வேறொரு வழியில் கண்டடைந்தது. சுவிட்சர்லாந்தின் ழான் பியாஜே, பிள்ளைகள் கோலி ஆடுவதைக் கவனித்து 1932இல் ஒரு நூல் எழுதினார். மிகச் சிறிய பிள்ளைகள் பக்கத்தில் உட்கார்ந்து ஆடினாலும் அவரவருக்குத் தோன்றிய விதிப்படியே ஆடினார்கள். எல்லாருமே ஜெயித்ததாகச் சொல்வதில் அவர்களுக்கு எந்தக் குழப்பமும் இல்லை. ஏழு, எட்டு வயதை ஒட்டித்தான் எதிராளியை வெல்ல வேண்டும், அதற்கு இருவருக்கும் பொதுவான விதி வேண்டும் என்ற எண்ணம் அவர்களுக்குப் பிடிபட்டது. நான்கு வயதுப் பிள்ளை தோற்றவுடன் காயை வாரி இறைப்பதும், விதியைத் தனக்குச் சாதகமாக மாற்றுவதும் கெட்ட குணமல்ல என்று புரிந்துகொள்ள இது போதும். அந்த வயதில் ஆட்டம் என்பதே அவனுக்கு வேறு.

பெரிய பிள்ளைகளுக்குத் தோல்வியின் விலை தெளிவாக வகுக்கப்பட்டிருந்தது. கோலியில் தோற்றவன் முட்டியால் கோலியைத் தள்ளிக்கொண்டு போக வேண்டும். பம்பரத்தில் தோற்றவனின் பம்பரம் வட்டத்துக்குள் கிடந்து மற்ற பம்பரங்களின் ஆணிக்குத்தை வாங்கும். கிட்டிப்புள்ளில் தோற்றவன் மூச்சு விடாமல் பாடிக்கொண்டே ஓடிவர வேண்டும். வலிக்கும், மூச்சு வாங்கும், சில நேரம் கண்ணில் நீர் நிற்கும். ஆனாலும் அந்தத் தண்டனைக்கு ஓர் எல்லை இருந்தது. பாடி முடித்தால் முடிந்தது. அடுத்த ஆட்டத்தில் அவனும் மற்றவனும் சமம்.

சண்டைக்கும் முடிவு இருந்தது. போங்கு ஆடினவனோடு காய் விடுவார்கள், மறுநாள் பழம் விடுவார்கள். அழுது ஆட்டத்தைக் கலைப்பவனிடம், “அழுகுணி ஆட்டம் ஆடாதே” என்று மற்ற பிள்ளைகளே சொல்வார்கள். அது அவனுக்கு உறைக்கும். பெரியவர் சொல்லியிருந்தால் அது உபதேசமாகப் போயிருக்கும். கூட ஆடுகிறவன் சொல்லும்போது, நாளைக்கும் ஆட்டத்தில் சேர வேண்டுமே என்ற கவலையும் கூடவே வந்துவிடும்.

குழி காலியானாலும் ஆட்டம் உண்டு

வீட்டுக்குள் ஆடிய ஆட்டங்களிலும் இதே சிந்தனை ஓடுகிறது. பல்லாங்குழியில் பதினான்கு குழிகள், ஆளுக்கு ஏழு. குழிக்கு ஐந்தாகவோ ஆறாகவோ புளியங்கொட்டையையோ சோழியையோ போட்டு ஆடுவார்கள். ஒரு சுற்றில் தோற்றவளிடம் ஏழு குழியையும் நிரப்பும் அளவுக்குக் காய் இருக்காது. அதற்காக அவளை எழுந்து போகச் சொல்வதில்லை. இருக்கிற காயை வைத்து எத்தனை குழி நிரம்புமோ அத்தனையை நிரப்பிக்கொள்வாள். காலியாக நிற்கும் குழியில் ஒரு துரும்பைப் போட்டு அடைத்துவிட்டு அடுத்த சுற்று தொடங்கும். மிகக் குறைந்த காயோடு ஆடுபவளைக் கஞ்சி காய்ச்சுகிறாள் என்று சொல்வதும் உண்டு. கஞ்சி காய்ச்சியவள் இரண்டு சுற்றில் காய் சேர்த்து, அடைத்த குழிகளை ஒவ்வொன்றாகத் திறந்து, ஜெயித்துக்கொண்டிருந்தவளைக் கஞ்சிக்குத் தள்ளுவதும் நடக்கும். குறைவானதைக் கொண்டு தொடர்ந்து ஆடுவது எப்படி என்று ஏழெட்டு வயதுச் சிறுமி விரல்களால் கற்றுக்கொண்டாள்.

தாயத்தில் வெட்டு வாங்கிய காய் வெளியே போய், மறுபடி தாயம் விழக் காத்திருந்து, முதலிலிருந்து வர வேண்டும். பழத்துக்கு இரண்டு கட்டம் இருக்கும்போது வெட்டு விழுந்தால் எந்தப் பிள்ளைக்கும் அழுகை முட்டும். ஆனால் தாத்தாவின் காயும் அதே வேகத்தில் வெட்டுப்படும். வைகுண்ட ஏகாதசி இரவில் கண்விழிக்க ஆடும் பரமபதத்தில், உச்சிக்கு அருகிலிருக்கும் பெரிய பாம்பு பாட்டியையும் கடிக்கும், பேத்தியையும் கடிக்கும். ஐந்து வயதுப் பிள்ளை வீட்டுப் பெரியவரை ஜெயிக்க முடிகிற ஆட்டங்கள் இவை. திறமை குறைந்ததால் தோற்றோம் என்ற எண்ணமே வராமல், தோல்வி என்ற அனுபவம் மட்டும் கைக்கு வருகிறது. கூடவே இன்னொன்றும் நடக்கிறது. கடிபட்ட பெரியவர் சிரித்துக்கொண்டே காயைக் கீழே இறக்குவதைப் பிள்ளை பார்க்கிறது. தோற்பது எப்படி என்பதற்கு அதைவிடப் பெரிய பாடம் இல்லை.

அந்தக் காலத்தின் மறுபக்கம்

இவ்வளவையும் சொல்லிவிட்டு அந்தக் காலத்தைப் பொற்காலமாக்கினால் அது பொய்யாகும். எல்லாப் பிள்ளைகளுக்கும் அந்தத் தெரு திறந்திருக்கவில்லை. சேரியிலிருந்து வந்த பிள்ளைக்கு ஊர்த் தெருவின் ஆட்டத்தில் இடம் கிடைக்கவில்லை. பெண் குழந்தைகள் ஒரு வயதுக்குமேல் வாசலைத் தாண்டி ஆட முடியவில்லை. ஆட்டத்துக்குள் பரிவு காட்டிய சமூகம், யார் ஆடலாம் என்பதில் கொடுமையாக இருந்தது.

வீட்டுக்குள்ளும் பள்ளிக்கூடத்திலும் பெரியவர்கள் நடந்துகொண்ட விதம் இன்னொரு காயம். தம்பி பிறந்த வீட்டில் மூன்று வயது அக்காவைப் பார்த்து, “உன்னைத் தவிட்டுக்குத்தானே வாங்கினோம், இவன்தான் எங்க வீட்டுப் பிள்ளை” என்று சிரித்தார்கள். சொன்னவருக்கு அது வேடிக்கை. அம்மா மடியை அப்போதுதான் இழந்த பிள்ளைக்கு அது உண்மையாகவே கேட்டது. தம்பி சிவப்பு, நீ கறுப்பு என்று நிறத்தை வைத்துப் பேசினார்கள். “பக்கத்து வீட்டுப் பையனைப் பாரு” என்ற ஒரு வரியைக் கேட்காமல் வளர்ந்தவர்கள் குறைவு. அந்தப் பக்கத்து வீட்டுப் பையனோடு மாலையில் ஆடப் போகும்போது மனதில் பொறாமையும் கூடவே போனது.

பள்ளியில் ரேங்க் கார்டு, ரேங்க்படி உட்காரவைப்பது, மக்கு என்ற பட்டம், பிரம்படி. பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு மாலைப் பத்திரிகையில் வெறும் எண்களாக அச்சாகி வரும். எண் இல்லையென்றால் தோல்வி. அதை ஊரே கூடி நின்று தேடும். தெரு கொடுத்த தோல்வி மாலையோடு முடிந்தது. பெரியவர்கள் கொடுத்த தோல்வி பட்டப்பெயராகி வருடக்கணக்கில் ஒட்டிக்கொண்டது. அறுபது வயதிலும், “எனக்குக் கணக்கு வராதுன்னு நாலாங் கிளாஸ்லயே சொல்லிட்டாங்க” என்பவர்களை எல்லா ஊரிலும் பார்க்கலாம்.

இன்று: கூடியதும் குறைந்ததும்

அந்தக் காயங்களில் பலவற்றை இன்றைய சட்டமும் பள்ளியும் ஆற்ற முயன்றிருக்கின்றன. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் பிள்ளையை அடிப்பதையும் மனதளவில் துன்புறுத்துவதையும் தடைசெய்தது. பள்ளியில் சேர்க்கும்போது பிள்ளைக்கோ பெற்றோருக்கோ தேர்வு வைத்து வடிகட்டக் கூடாது என்றது. அதற்கு முன்பே, 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிப் பின்னர் மாநிலம் முழுவதும் பரவிய செயல்வழிக் கற்றலில், ஒவ்வொரு பிள்ளையும் தன் வேகத்தில் கற்றல் ஏணியில் ஏறியது. 2022இல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டம், முதல் மூன்று வகுப்புப் பிள்ளைகளை ரேங்க் சொல்லிப் பிரிக்காமல், கற்ற நிலையைப் பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என்று அழைத்தது. 2017 மே மாதம், பொதுத்தேர்வு முடிவுகளில் மாநில அளவில் முதல் மூன்று இடம் என்று பெயர் அறிவிக்கும் வழக்கத்தைத் தமிழக அரசு கைவிட்டது. தேர்வு முடிவு இப்போது கைப்பேசிக்குத் தனியாக வருகிறது. இவை பெரிய மாற்றங்கள். அந்த முடிவுகளை எடுத்தவர்களுக்கு நாம் நன்றி சொல்ல வேண்டும்.

ஆனால் சட்டம் தொடாத இடங்களில் போட்டி வயது குறைந்துகொண்டே வந்திருக்கிறது. பேச்சு திருந்தாத பிள்ளைக்கு மாறுவேடப் போட்டி. கோட்டுக்குள் வண்ணம் தீட்ட விரல் பழகும் முன்பே வண்ணம் தீட்டும் போட்டி. அபாகஸ், பாட்டு, நடனம், சிலம்பத்தில் சாதனைச் சான்றிதழ். தொலைக்காட்சிப் போட்டியில் எட்டு வயதுப் பிள்ளை வெளியேறும்போது கேமரா அதன் கண்ணீரை நெருங்கிப் போய்க் காட்டுகிறது, பின்னணியில் சோக இசை ஒலிக்கிறது. பரிசு வாங்கிய படம் சில நிமிடங்களில் வாட்ஸப்பில் சொந்தக்காரர்கள் அத்தனை பேரையும் சேர்கிறது. பரிசு வாங்காத பிள்ளையின் அம்மா அதைப் பார்க்கிறார். அவர் முகம் மாறுவதை மடியில் உட்கார்ந்திருக்கும் பிள்ளை பார்க்கிறது. முன்பு பக்கத்து வீட்டோடு நின்ற ஒப்பீடு இப்போது எல்லா வீட்டோடும் நடக்கிறது.

அதே நேரத்தில், தோற்றுப் பழகும் இடங்கள் குறைந்திருக்கின்றன. 1992–93இல் தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக ஏறத்தாழ 2.5 பிள்ளைகள் என்றிருந்தது. 2019–21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பில் அது 1.8. பல வீடுகளில் ஒரே பிள்ளை. கடைசி முறுக்கு யாருக்கு என்று சண்டை போட ஆள் இல்லை. தெருவில் வாகனம் நிற்கிறது. மாலையில் வகுப்பு இருக்கிறது. கையில் போன் இருக்கிறது. போன் விளையாட்டிலும் பிள்ளை ஒரு மணி நேரத்தில் எத்தனையோ முறை தோற்கத்தான் செய்கிறது. ஆனால் அங்கே ஜெயித்த ஒரு முகம் இல்லை. பொத்தானை அமுக்கினால் தோல்வி அழிந்துவிடும். எதிரில் இருப்பவனின் சந்தோஷத்தைப் பார்த்துக்கொண்டு, நெஞ்சில் எழும் எரிச்சலோடு அடுத்த முறைக்குக் காத்திருக்கும் பழக்கம் அதில் வராது.

இதைக் கண்டு பயந்துபோன பெரியவர்கள் எதிர்ப்பக்கம் சாய்கிறார்கள். ஓடிய எல்லாருக்கும் ஒரே கேடயம். வீட்டில் ஆடினால் அப்பா எப்போதும் வேண்டுமென்றே தோற்பார். அன்பினால் செய்வதுதான், குறை சொல்ல மனம் வரவில்லை. மூன்று, நான்கு வயதுக்கு அது பொருந்தவும் செய்யும். ஏழு வயதுப் பிள்ளைக்கு யார் முதலில் வந்தது என்று நன்றாகத் தெரியும். கேடயத்தைப் பார்த்து அது ஏமாறுவதில்லை. தோல்வியைப் பற்றிப் பெரியவர்களால் பேசவே முடியவில்லை, அப்படியென்றால் அது பயங்கரமான ஒன்றாக இருக்க வேண்டும் என்றுதான் புரிந்துகொள்கிறது.

சதுரங்க அரங்கின் வாசலில்

மூடிய வாசல்களுக்கு நடுவே புதிதாகத் திறந்த ஒன்றையும் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டில் இன்று ஏழு வயதுக்கு உட்பட்டோர், ஒன்பது வயதுக்கு உட்பட்டோர் என்று சதுரங்கப் போட்டிகள் நடக்கின்றன. பள்ளி அரங்கிலும் கல்யாண மண்டபத்திலும் வரிசையாகப் பலகைகள். இவை பெரும்பாலும் சுவிஸ் முறையில் நடக்கும். முதல் சுற்றில் தோற்ற பிள்ளை வீட்டுக்குப் போக வேண்டியதில்லை. அடுத்த சுற்றில் ஏறக்குறைய அதே புள்ளியில் இருக்கும் இன்னொரு பிள்ளையோடு ஆடும். கடைசிச் சுற்றுவரை எல்லாருக்கும் ஆட்டம் உண்டு. தொடங்கும் முன்பும் முடிந்த பின்பும் எதிராளிக்குக் கை கொடுக்க வேண்டும். பல்லாங்குழியில் இருந்த அதே நியாயம் இந்த முறையிலும் இருக்கிறது.

சிக்கல் அரங்குக்கு வெளியே காத்திருக்கிறது. கதவு திறந்து பிள்ளை வெளியே வரும்போதே, “என்ன ஆச்சு? ஜெயிச்சியா?” என்ற கேள்வி வருகிறது. இல்லை என்று தலையாட்டியதும், “அவன் உன்னைவிடச் சின்னப் பையன்டா” என்று அடுத்த வரி. தோல்வியைத் தாங்கிக்கொண்டு வந்த பிள்ளை, அந்த முகத்தைத் தாங்க முடியாமல் அழுகிறது. நன்றாக விவரம் தெரிந்த பயிற்சியாளர்கள் பெற்றோரிடம் கேட்டுக்கொள்வது எளிமையானது. முதலில் தண்ணீர் கொடுங்கள், ஏதாவது சாப்பிடக் கொடுங்கள். ஆட்டத்தைப் பற்றி அவனாகப் பேசினால் கேளுங்கள். அடுத்த சுற்றுக்கு இன்னும் நேரம் இருக்கிறது.

நம் பிள்ளைகள் இன்று சுவரில் படம் ஒட்டி வைத்திருக்கும் சதுரங்க வீரர்களின் கதையில் தோல்விகளையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 2024 நவம்பர் 25 அன்று சிங்கப்பூரில், உலகப் பட்டத்துக்கான முதல் ஆட்டத்திலேயே குகேஷ் டிங் லிரெனிடம் தோற்றார். பன்னிரண்டாவது ஆட்டத்திலும் தோற்றார். டிசம்பர் 12 அன்று பதினெட்டு வயதில் உலக சாம்பியன் ஆனார். அதே ஆண்டு டொரொன்டோவில், உலகப் பட்டத்துக்கு மோதுபவரைத் தேர்வுசெய்ய நடந்த மகளிர் கேண்டிடேட்ஸ் போட்டியில் வைஷாலி தொடர்ந்து நான்கு ஆட்டங்களில் தோற்று, பிறகு கடைசி ஐந்து ஆட்டங்களையும் தொடர்ந்து வென்றார். நான்காவது தோல்விக்குப் பிறகு மறுபடியும் பலகை முன் வந்து உட்கார்ந்ததுதான் அந்த ஐந்து வெற்றிக்கும் தொடக்கம். கோப்பையை மட்டும் காட்டி இந்தக் கதைகளைச் சொல்லும்போது, பிள்ளைக்கு மிகவும் தேவையான பாதியை நாம் வெட்டி எறிந்துவிடுகிறோம்.

வீட்டுக்குள் வரும் பொறாமை

வைஷாலியும் பிரக்ஞானந்தாவும் அக்கா தம்பி. அக்காவைப் பார்த்துத்தான் தம்பி சதுரங்கத்துக்கு வந்தார், முதலில் கிராண்ட்மாஸ்டர் ஆனவர் தம்பி. இருவரும் அந்தப் பட்டம் பெற்ற முதல் அக்கா தம்பி என்று உலகம் பாராட்டுகிறது. எல்லா வீட்டிலும் அப்படி அமைவதில்லை. தம்பி தன்னைத் தாண்டிப் போகும்போது அக்காவுக்கு வலிக்கும். அண்ணனுக்கு வாங்கிய சைக்கிளைப் பார்த்துத் தங்கைக்கு எரியும். இதைப் பெரியவர்கள் கையாளும் விதத்தில்தான் அன்றுக்கும் இன்றுக்கும் நல்ல வேறுபாடு உண்டாக முடியும்.

பிரிட்டனின் கேம்பிரிட்ஜ் பகுதியில் ஜூடி டன், கரோல் கெண்ட்ரிக் என்ற இரு ஆய்வாளர்கள், இரண்டாவது பிள்ளை பிறக்கும் நாற்பது குடும்பங்களைத் தொடர்ந்து கவனித்து 1982இல் ஒரு நூல் வெளியிட்டார்கள். புதிதாகப் பிறந்த பிள்ளையை ஓர் ஆளாக மதித்து, அதற்கு என்ன வேண்டும், ஏன் அழுகிறது என்று மூத்த பிள்ளையோடு பேசிய தாய்மார்களின் வீட்டில், இரண்டு பிள்ளைகளும் பின்னாளில் கூடுதல் நட்போடு இருந்தார்கள். “தவிட்டுக்கு வாங்கினோம்” என்று சிரிப்பதற்கும், “பாப்பா ஏன் அழுறான்? பசிக்குதா, இல்ல தூக்கணுமா? நீ என்ன நினைக்கிறே?” என்று கேட்பதற்கும் நடுவில் இருப்பது ஒரு வரிதான். முதல் வரி மூத்த பிள்ளையை வெளியே தள்ளுகிறது. இரண்டாவது அவளைப் பாப்பாவுக்கு வேண்டியவளாக்குகிறது.

“பொறாமைப்படாதே” என்ற சொல்லால் எந்தப் பிள்ளையும் பொறாமையை விட்டதில்லை. அதை மறைக்கத்தான் கற்றுக்கொள்கிறது. தோழிக்குப் பரிசு கிடைத்ததைச் சொல்லும்போது பிள்ளையின் குரல் தாழ்ந்தால், “அது உனக்கும் வேணும்னு இருக்குல்ல?” என்று கேட்டுவிடலாம். ஆமாம் என்று சொல்ல இடம் கிடைத்த பிள்ளை, கொஞ்ச நேரத்தில் அந்தத் தோழியோடு ஆடப் போய்விடுகிறது. வேண்டும் என்று நினைத்தது தப்பில்லை, அவளிடமிருந்து பிடுங்குவதுதான் தப்பு என்ற வேறுபாட்டை ஐந்து வயதிலேயே புரியவைக்கலாம்.

பாராட்டுவதிலும் கவனம் வேண்டும். 1998இல் கிளாடியா மியூலரும் கேரல் டுவெக்கும் அமெரிக்காவில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் நடத்திய ஆய்வுகள் பல பெற்றோருக்கு அதிர்ச்சியாக இருக்கும். முதலில் கொடுத்த புதிர்களைப் போட்டு முடித்ததும் சிலரிடம் நீ புத்திசாலி என்றார்கள், சிலரிடம் நன்றாக உழைத்தாய் என்றார்கள். பிறகு கடினமான புதிர்களில் எல்லாருமே தடுமாறினார்கள். புத்திசாலி என்று கேட்டவர்களுக்கு ஆர்வம் குறைந்தது, அடுத்த சுற்றில் மதிப்பெண்ணும் குறைந்தது. தாங்கள் எடுத்த மதிப்பெண்ணைக் கூட்டிச் சொன்னவர்களும் அவர்களில்தான் அதிகம். நீ சூப்பர், நீதான் பெஸ்ட் என்று நாம் அள்ளிக் கொடுக்கும் பட்டங்களைக் காப்பாற்ற வேண்டிய சுமை பிள்ளையின் தலையில் ஏறுகிறது. “அந்தக் குதிரையை நகர்த்துறதுக்கு முன்னாடி ரொம்ப நேரம் யோசிச்சே, பார்த்தேன்” என்று சொன்னால் அதில் சுமை இல்லை. தோற்ற நாளிலும் அதைச் சொல்லலாம்.

இனி நாம் செய்யக்கூடியவை

பழைய தெருவை அப்படியே திருப்பிக் கொண்டுவர முடியாது, அதன் வேலிகளோடு அது திரும்பவும் வேண்டாம். அதன் விதிகளில் நல்லவற்றை எடுத்துக்கொள்ளலாம். உத்தி பிரிப்பதை உடற்கல்வி ஆசிரியர் நாளைக்கே தொடங்கலாம், செலவு எதுவும் இல்லை. ஆண்டுக்கொரு நாள் பெரிய மேடை போட்டு, எல்லாப் பெற்றோர் முன்னாலும் ஒரே ஓட்டத்தில் ஒரு பிள்ளையை ஜெயிக்கவைத்து மற்றவர்களைத் தோற்கவைப்பதற்குப் பதிலாக, வாரத்துக்கு நான்கு சின்ன ஆட்டங்களை வைக்கலாம். அடிக்கடி ஆடும்போது ஒவ்வொரு தோல்வியும் சின்னதாகிவிடும். போன மாதம் தாண்டிய தூரத்தையும் இந்த மாதம் தாண்டிய தூரத்தையும் பிள்ளையின் நோட்டிலேயே எழுதிக் கொடுக்கலாம். அதில் அது போட்டி போடுவது தன்னோடுதான்.

வீட்டில் வயதைப் பார்த்து ஆட்டத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். நான்கு, ஐந்து வயதுக்குப் பரமபதம் மாதிரி அதிர்ஷ்டத்தால் ஓடும் ஆட்டம் போதும். ஆட்டம் சின்னதாக இருக்கட்டும், இரண்டு மூன்று முறை ஆடும்படி. பசியோடும் தூக்கத்தோடும் இருக்கும்போது ஆட வேண்டாம். ஆடும் முன்பே, “இதுல யாராவது ஒருத்தர் தோப்போம், நானா இருந்தா என்ன பண்ணட்டும்?” என்று கேட்டு வைக்கலாம். ஆறு, ஏழு வயதுக்குமேல் திறமை வேண்டிய ஆட்டங்களுக்குப் போகும்போது, பொய்யாகத் தோற்பதைவிட நியாயமான சலுகை நல்லது. அப்பா தன் ராணியை எடுத்து வைத்துவிட்டு, மிச்சக் காய்களோடு உண்மையாக ஆடட்டும். பிள்ளை ஜெயித்தால் அது உண்மையான வெற்றி. தோற்றால் காரணம் பலகையிலேயே இருக்கும், சேர்ந்து பார்க்கலாம்.

தோற்று அழும் பிள்ளையிடம், “இதுக்கெல்லாம் அழுவாங்களா?” என்று கேட்க வேண்டாம். அழுவார்கள். ஆசைப்பட்டது கிடைக்காதபோது வரும் அழுகையை நிறுத்துவது நம் வேலை இல்லை. காயை எறிந்தால் எடுத்து வைக்கச் சொல்லலாம், கை ஓங்கினால் பிடித்து நிறுத்தலாம். கோபம் இருக்கலாம், அடிக்கக் கூடாது என்று சுருக்கமாகச் சொல்லலாம். பிறகு பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் போதும். அழுகை அடங்கியதும், “இன்னொரு ஆட்டம் ஆடலாமா?” என்று கேட்க ஓர் ஆள் வேண்டும். அன்று அந்தக் கேள்வியைத் தெருவே கேட்டது, நாலு வீட்டுப் பிள்ளைகளும் தாத்தாவும் பாட்டியும் கேட்டார்கள். இன்று பல வீடுகளில் அதைக் கேட்க அம்மாவையும் அப்பாவையும் விட்டால் வேறு ஆள் இல்லை. வேலை முடிந்து களைத்து வரும் அவர்களிடம் அரை மணி நேரத்தைக் கேட்பது பெரிய கோரிக்கைதான். ஆனால் தோல்வியைப் பிள்ளையால் தனியாகக் கற்றுக்கொள்ள முடியாது. கூட ஆடுகிறவர் இருந்தால்தான் முடியும். வகுப்புகளுக்குக் கொடுக்கும் மாலைகளில் ஒன்றிரண்டையாவது அதற்கு ஒதுக்குவோம்.